ஏழாம் எண் நலம்

கதவைத் திறந்த அந்த அம்மா என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "நீங்களே வந்துட்டீங்களா டாக்டர்" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வேறு வழியில்லை. அவர் கணவரின் புதிய மூளை ஸ்கேன் எனக்கு வேண்டியிருந்தது. போனில் கேட்டபோதெல்லாம், "அடுத்த மாசம் அனுப்பறேன்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கணவர் எங்கள் ஆய்வில் ஏழாம் எண். அறுவைக்குப் பிறகும் மூளைக் கட்டி மீண்டும் வளர்ந்துவிட்ட பத்தொன்பது பேருக்கு எங்கள் மருந்தைக் கொடுத்தோம். பதினெட்டுப் பேர் ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இவர் மட்டும் நான்காம் வருடத்திலும் நடமாடுகிறார். இவருடைய கட்டியில் மட்டும் ஓர் அபூர்வ மரபணுக் கோளாறு இருந்தது. அது உள்ளவர்களுக்கு எங்கள் மருந்து கேட்கிறது என்று எழுதினோம். நான்கு கட்டுரைகள், மூன்று நாடுகள், பதினொரு ஆசிரியர்கள். அவர்களில் பாதிப் பேரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் பதவி, என் பெயர், மாநாட்டில் எனக்குத் தருகிற முன்வரிசை நாற்காலி எல்லாம் அந்த ஒரு மனிதர் போட்ட பிச்சை.

"சார் தூங்கறாரா?" என்றேன்.

அந்த அம்மா மேசை மேலிருந்த துணிகளை மடித்து முடித்தார். அவசரமே இல்லை.

"அவர் செத்துட்டார் டாக்டர். ரெண்டு வருஷம் ஆகுது."

இரண்டு வருடம் என்றால் இருபத்து நான்கு அழைப்புகள். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நானேதான் கூப்பிட்டேன். வலிப்பு வந்ததா, தலைவலி உண்டா, தானாக நடக்கிறாரா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. தானே சவரம் செய்துகொண்டார், செய்தித்தாளைப் படித்துவிட்டு யாரையோ திட்டினார், தூக்கம்தான் கொஞ்சம் கம்மி. ஊர் மாறிவிட்டதால் ஸ்கேனைப் பக்கத்திலேயே எடுத்தோம், நல்லா இருக்கு என்றார்கள். நானும் எழுதிக்கொண்டேன். நல்ல செய்தியை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்? நான் செய்திருக்க வேண்டும்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"அவர் பேச்சை எடுத்தாலே என் பொண்ணு எழுந்து போயிடறா. சொந்தக்காரங்க பேச்சை மாத்திடறாங்க. நீங்க ஒருத்தர்தான் சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொல்லிட்டா அதோட நிறுத்திடுவீங்களே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தப் பொய் அந்த அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். 'தொடர்பு அறுந்தது' என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் தோண்டமாட்டார்கள். மூன்று நிறுத்தம் வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மேலேயே அருவருப்பு வந்தது.

அறைக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் வெளிநாட்டிலிருக்கும் என் கூட்டாளியை வீடியோவில் அழைத்தேன். கல்லூரியில் ஒரே வகுப்பு. எங்கள் கட்டுரையை நம்பி, அதே கோளாறு உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு எங்களுடையதைக் கொடுக்கப்போகிறவன் அவன்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணு சொல்லணும். ஏழாம் நம்பர்…"

"இரு, அதுக்கு முன்னாடி இவரைப் பாரு. எங்க முதல் ஆள். காலையிலதான் மருந்து ஏத்தினோம்." கேமராவைத் திருப்பினான்.

படுக்கையில் மொட்டைத் தலையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் மனைவி, கையில் கஞ்சிக் கிண்ணம். படுத்திருந்தவர் தன் மொழியில் ஏதோ கேட்டார். நண்பன் சிரித்தான்.

"உங்க ஏழாம் நம்பர் இப்ப எப்படி இருக்கார்னு கேக்கறார். தினமும் இதே கேள்விதான்."

அந்த மனிதர் முழங்கையை ஊன்றித் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார். என் பதில் காதில் விழட்டும் என்று, அவர் மனைவி எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.