கும்பிடு போட்ட ஆன்டெனா

மலை ஏறும்போது அது ஒழுங்காகப் படுத்துக் கிடந்தது. இறங்கும்போதுதான் ஒவ்வொரு வளைவிலும் எழுந்து நின்று, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. ரேடியோவோ இரண்டு நேரமும் அணைந்தே இருந்தது. ரேடியோ போட்டால் எழுவதற்கென்றே செய்த ஆன்டெனா, ரேடியோ போடாதபோது எதற்கு எழுகிறது? அதுவும் இறக்கத்தில் மட்டும்? முள்ளுக்குறிச்சி வெங்கிடுசாமிக்கு இரண்டு வாரமாக இதற்கு விடை தெரியவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. வெங்கிடுசாமிக்குச் சொந்தத் தோட்டம் இருந்தாலும், வியாழக்கிழமைதோறும் தம் பழைய கான்டெசா காரில் கொல்லிமலைக்குப் போய் மிளகு வாங்கி வருவார். காரின் பின்பக்கம், டிக்கி ஓரத்தில் இருந்த மோட்டார் ஆன்டெனா ஒருநாள் பாதியில் சிக்கிக்கொண்டது. மலையில் அந்த ரேடியோ இரைச்சலைத் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. ஆனாலும் காரில் ஒன்று இருந்தால் அது ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் சின்னுசாமியின் பட்டறையில் விட்டார்.

இந்த ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. டிக்கிக்குள் ஒரு சிறிய மோட்டார். அது சுற்றும் உருளையில், ஓரமெல்லாம் பல் வைத்த நைலான் கயிறு ஒன்று சுருண்டிருக்கும். கயிற்றின் நுனி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கம்பிகளின் உச்சியில் மாட்டியிருக்கும். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் கயிறு கம்பியை மேலே தள்ளும். மறுபக்கம் சுற்றினால் உள்ளே இழுக்கும். மோட்டாருக்கு மூன்று வயர். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் தருவது. ஒன்று காரின் உடம்போடு சேர்வது. மூன்றாவது, உத்தரவு சொல்லும் வயர். ரேடியோ போட்டால் அதில் கரண்ட் வரும், கம்பி எழும். அணைத்தால் கரண்ட் போகும், கம்பி அடங்கும். உத்தரவு யாரிடமிருந்து வருகிறது என்று மோட்டார் கேட்பதில்லை.

அறுந்த நைலான் துண்டு உருளைக்குள் மாட்டிக்கொண்டு வராததால், சின்னுசாமி மோட்டாரோடு முழுசாக வேறொன்றை மாற்றினார். வயர்களை முறுக்கி டேப் சுற்றினார். வெங்கிடுசாமியை உள்ளே உட்காரவைத்து ரேடியோவைப் போடச் சொன்னார், எழுந்தது. அணைக்கச் சொன்னார், அடங்கியது. ஒரு வேலை முடிந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புகாரோடு மறுபடி போனபோதும் அதே சோதனை, அதே முடிவு.

"நம்ம வேலையில கொறையில்லீங்க. மலைக் குளிரு மோட்டாருக்கு ஒத்துக்கல. எறங்கறப்ப இன்னுங் கொஞ்சம் மெதுவாப் போய்ப் பாருங்க" என்றார் சின்னுசாமி.

வெங்கிடுசாமி மெதுவாகப் போய்ப் பார்த்தார். கம்பி முன்னைவிட அதிக நேரம் நின்றது.

வேறொருவராக இருந்தால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். வெங்கிடுசாமியால் முடியவில்லை. காரணம் அர்த்தனாரி. அவர் இவருடைய பங்காளி, இரண்டு வயது இளையவர், அவரும் மிளகு வாங்குகிறவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் குலசாமி கோயில் பொங்கலில் வெங்கிடுசாமி பந்தலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்தார்கள், அர்த்தனாரி எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது என்று பிறகு ஆள்விட்டுச் சொன்னார். மரத்த காலுக்கு வாயில்லாமல் போயிற்றா, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று இவர் பதில் அனுப்பினார். அன்றிலிருந்து பேச்சில்லை. அர்த்தனாரி இருக்கும் இடத்தில் யாருக்காகவும், எதற்காகவும் எழுவதில்லை என்று வெங்கிடுசாமி முடிவெடுத்தார். ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து அர்த்தனாரி வெளியே போகும்வரை முக்கால் மணி நேரம் காய்ந்த கையோடு இலை முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் நிறுத்தி ஒதுங்க வேண்டும். வெங்கிடுசாமி காலையில் சீக்கிரம் ஏறி, பதினோரு மணிக்கு இறங்குவார். அர்த்தனாரி அப்போதுதான் திறந்த ஜீப்பில் ஏறி வருவார். ஆன்டெனா மாற்றிய பிறகு வந்த முதல் வியாழன், வெங்கிடுசாமி வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவர் தலைக்குப் பின்னால் கம்பி ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. இரண்டாம் வியாழனும் அப்படியே. அர்த்தனாரி இந்த முறை கையைத் தூக்கிவிட்டுப் போனார். சோளக்காட்டுச் சந்தையில் அவர் சொன்னது வெங்கிடுசாமியின் காதுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

"அண்ணன் எந்திரிக்க வெக்கப்பட்டுக்கிட்டு, வண்டியை எந்திரிக்கச் சொல்லிப் பழக்கியிருக்காரு."

அடுத்த மாதம் மறுபடி குலசாமி பொங்கல். பதினொரு வருடம் கட்டிக்காத்த வைராக்கியம் ஒரு கம்பியால் கரைந்துகொண்டிருந்தது. பங்காளியை இன்னொரு முறை எதிரில் பார்ப்பதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

மூன்றாம் வியாழன் காலை, மலைமேல் திண்ணனூர் நாட்டில் தமக்கு மிளகு விற்கும் பெருமாயியின் காட்டுக்குப் போனார். மிளகுக்கொடி ஏற்றிய காடு அது. வண்டியைத் திருப்ப இடமில்லை. மூட்டைகளை ஏற்றிய பிறகு பின்னாலேயே எடுக்க வேண்டும். பெருமாயி பின்னால் நின்று கை காட்டினார். பாதியில் கை காட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இந்தக் கம்பியும் செவப்பு வெளக்கும் ஒட்டுங்களா? ரெண்டும் சேந்தே முழிக்குது, சேந்தே தூங்குது."

வெங்கிடுசாமி பிரேக்கில் காலை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். கம்பி நின்றது. காலை எடுத்தார். அடங்கியது. வைத்தார். எழுந்தது.

அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை கிடையாது, மலையே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக். மெதுவாகப் போனால் இன்னும் அதிகம். பிரேக்கை மிதித்தால் பின்விளக்குக்குக் கரண்ட் போகும். அந்த வயரிலிருந்துதான் ஆன்டெனாவுக்கு உத்தரவு போகிறது. பட்டறைச் சோதனை தேறியதும் இப்போது புரிந்தது. அவர் குள்ளம். எட்டி ரேடியோவைத் தொட வேண்டுமென்றால் காலைப் பிரேக்கில் ஊன்றிக்கொண்டுதான் குனிவார். அணைத்த பிறகுதான் காலை எடுத்துக்கொண்டு சாய்வார்.

"அப்ப அர்த்தனாரிக்குக் கும்பிடு போட்டது வண்டி இல்லீங்க, உங்க காலுதான்" என்றார், சந்தைப் பேச்சைக் கேட்டிருந்த பெருமாயி.

வெங்கிடுசாமி மூட்டைகளை இறக்கி டிக்கியைக் காலி செய்தார். ஓரத்து அட்டையை விலக்கினால் இரண்டு பச்சை வயர்கள். ஒன்று விளக்குக்குப் போவது. டேப் சுற்றி ஆன்டெனாவின் வயரும் அதோடு சேர்ந்திருந்தது. மற்றொன்று முன்னாலிருந்து ரேடியோ அனுப்பும் வயர். யாரும் கண்டுகொள்ளாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. பெருமாயியின் கத்தியை வாங்கி டேப்பை அறுத்தார். ஆன்டெனாவின் வயரை எடுத்து, மூலையில் கிடந்த பச்சையோடு முறுக்கி, டேப் சுற்றினார். பெருமாயியைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, இந்த முறை வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு ரேடியோவைப் போட்டார். எழுந்தது. அணைத்தார். அடங்கியது. உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தார். விளக்கு மட்டும் எரிந்தது.

பத்து வளைவு இறங்கியும் கண்ணாடியில் கம்பி தெரியவில்லை. பதினோராவதில் அர்த்தனாரியின் ஜீப் ஏறி வந்தது. வெங்கிடுசாமி ஒதுங்கி, பிரேக்கை மிதித்து, நிம்மதியாக முகத்தைத் திருப்பப் போனார்.

ஜீப்பும் நின்றது. அர்த்தனாரி முன்கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நொண்டுகிற ஒரு காலை மெல்ல ஊன்றி, இருக்கையை விட்டு எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கண் காரின் பின்பக்கம் போனது. அங்கே ஒன்றும் எழவில்லை. எழுந்தவர் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. பதினொரு வருடத்துப் பாக்கி எதிரில் நின்றுகொண்டிருந்தது. வெங்கிடுசாமி இனி வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அவர் குனிந்து கையை நீட்டி ரேடியோவைப் போட்டார். கார் நிறைய இரைச்சல். பின்னால் மோட்டார் முனகியது; கம்பி கடைசிக் கணு வரை எழுந்து நின்றது. அர்த்தனாரி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். ஜீப் கடந்து போனது, பஸ்ஸும் போனது. அதன் பிறகுதான் வெங்கிடுசாமி ரேடியோவை அணைத்தார்.

கம்பி அடங்கியது. விளக்கின் பச்சை வயர் விளக்குக்கு, ரேடியோவின் பச்சை வயர் ஆன்டெனாவுக்கு. ரேடியோவைப் போட்டால் எழும், அணைத்தால் அடங்கும், பிரேக்குக்கு எழாது.