வெள்ளிக்கிழமைத் தாள்

ஆறு நாள் முழுதாக இருந்தது. ஏழாவது நாளில் ஒரு தாள் குறைந்தது.

ஞானாம்பிகை றங்குப்பெட்டியை மூன்றாம் முறையும் கிண்டினாள். சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரையான தாள்கள் பதினொரு வருடத்துக்கு மேலாகப் பூச்சி அரிக்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமைக் கட்டில் காலைத் தாளும் மத்தியானத் தாளும் இருந்தன. பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை எண்ணிய தாளை மட்டும் காணவில்லை.

கொழும்பிலிருந்து குசுமா எழுதிய கடிதம் மேசையில் விரிந்து கிடந்தது. 1983 ஜூலையில் புறக்கோட்டையின் ஒரு மூலையில் இரண்டு முக்காலிகளைப் போட்டுக்கொண்டு, அவளும் குசுமாவும் ஒரு கிழமை வாகனங்களை எண்ணினார்கள். அந்தக் குசுமா இப்போது, அன்று அவர்களை எண்ண வைத்த அதே போக்குவரத்துத் திட்டப் பிரிவுக்குப் பொறுப்பாளர். நகரத்துக்குள் பகலில் லொறிகளை விடுவதா தடுப்பதா என்று மறுபடியும் ஒரு குழு கூடியிருக்கிறதாம். தடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள் கடைக்காரர்கள். விட்டால் பஸ் நகராது என்கிறார்கள் பஸ்காரர்கள். அந்த மூலை அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு ஞானாம்பிகையிடம் உள்ள தாள்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

‘அலுவலகப் பத்திரங்களுடன் சென்றவர் பணிக்குத் திரும்பவில்லை என்று உன் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. ஏழு நாள் தாள்களும் குறையாமல் வந்தால் அந்த வரியை வெட்டி உன்னைத் திரும்ப எடுக்கலாம். மார்ச் முடிவதற்குள் வா. மூலத் தாள்கள்தான் வேண்டும், பிரதி செல்லாது என்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.’ இப்படி எழுதிக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘மூலையிலிருந்த சைவக்கடையைத் திரும்பவும் திறந்திருக்கிறார்கள். வடை முந்தியை விடச் சின்னது.’

அந்தக் கடைசி வரியைத்தான் ஞானாம்பிகை அதிகம் தடவை வாசித்தாள்.

அவளுக்கென்றே செய்து வைத்ததுபோன்ற வேலை அது. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. ஒரு வாகனத்துக்கு ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். எல்லோரும் திட்டித் தீர்க்கும் நெரிசலை, நாள் முழுக்க இருந்து பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சிவப்பு பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். யாழ்ப்பாணத்து லொறி ஒன்று நடுத்தெருவில் நின்று வெங்காய மூட்டை இறக்கும். மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் கைவண்டிலைத் தள்ளிக்கொண்டு, வழி விடச் சொல்லி மூன்று மொழியிலும் கத்துவார்கள். பொலிஸ்காரர் விசில் ஊதிக் களைத்துப்போய் நிழலில் ஒதுங்குவார். வெயிலில் காய்ந்த வெங்காயத் தோல் காற்றில் பறந்து வந்து தாளில் விழும். அதை ஊதிவிட்டு அடுத்த கோட்டைப் போடுவாள். இப்போதும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டில் வெங்காயம் மணத்தால் அவளுக்குப் புறக்கோட்டைதான் ஞாபகம் வரும்.

எண்ணி முடித்த வெள்ளிக்கிழமை, கூட்டிப் பார்க்கலாம் என்று தாள்களை வெள்ளவத்தை அறைக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோகக் கூடாது என்பதுதான் சட்டம். திங்கட்கிழமை நகரம் எரிந்தது. அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது, தோள் பையில் ஒரு சேலையும் அந்தத் தாள்களும் இருந்தன.

காணாமற்போன தாள் எங்கே என்பது மறுநாள் விடியத்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் தம்பி பஞ்சலிங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக் கிளாலிக்கரை வரை போயிருந்தாள். போரில் தரைப்பாதை மூடிக்கிடந்ததால், கடலேரியைப் படகில் கடந்துதான் கொழும்புப் பக்கம் போகலாம். அவசரத்தில் கையில் பட்ட ஒரு தாளால் அவனுடைய சான்றிதழ்களைச் சுற்றியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் எழுதுவதற்குத் தாளே கிடைக்காத காலம். “அந்தச் சுத்தின தாளைத் தாறியளே தங்கச்சி, ஏறுற ஆக்களின்ரை பேரெழுத ஒண்டுமில்லை” என்று கேட்டார் குருநகர்ப் படகோட்டி சிமியோன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கம் என்னவென்று பாராமலே கொடுத்துவிட்டாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் புறப்பட்டாள். தண்டவாளம் போய் மேடு மட்டும் மிஞ்சிய ரயில்பாதையைக் கடந்ததும், பழைய பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். ஐந்து சைக்கிள் ஒரு காருக்குச் சமம் என்பது அலுவலகச் சூத்திரம். எதிரே வந்த ஒரு சைக்கிளில் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், பின்னால் ஒரு கட்டு விறகு. அடுத்ததில் ஒரு கதிரை, கதிரையில் காய்ச்சல்காரக் கிழவர். இது எத்தனை கார்? குசுமா இங்கே நின்றால் சூத்திரத்தை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிப்பாள்.

சிமியோன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“ஆர், கொக்குவில் தங்கச்சியே! தம்பி சுகமே?”

“ஓம் அண்ணை. கனடாவிலை.”

“கேட்டியே செபஸ்தி? நான் ஏத்தின ஆக்கள் முழுக்கக் கனடாவிலை. ஏத்தினவன் மட்டும் குருநகரிலை.”

“நீங்கள் அங்கை போய் என்னத்தை ஏத்துறது, ஐஸையே?” என்றபடி அவர் மனைவி செபஸ்தியம்மா குசினியிலிருந்து வந்தாள். “இருங்கோ தங்கச்சி. உந்த மனுசன் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போம்.”

ஞானாம்பிகை வந்த காரியத்தைச் சொன்னாள். வேலை, கோப்பிலுள்ள வரி, மார்ச் முடிவு எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தபோது தேநீர் உண்மையாகவே ஆறிவிட்டது. செபஸ்தியம்மா ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தாள். சீமெந்துப் பையின் கிழிசல், சிகரெட் மட்டை, கலண்டர் தாள் என்று அத்தனையிலும் பெயர்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு நல்ல வெள்ளைத் தாள்.

பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. நாலு மணி, நாலே கால், நாலரை எல்லாம் அவளுடைய கை. ஐந்தே முக்காலிலிருந்து ஆறு மணி வரை கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. குசுமா இடக்கைக்காரி. அந்தக் கால்மணி நேரம் ஞானாம்பிகை வடை வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, “இரண்டு லொறியை எண்ணாமல் களவாக விட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லிவிடாதே” என்று குசுமா சிரித்தாள்.

தாளைத் திருப்பினாள். இருபத்துமூன்று பெயர்கள், இருபத்துமூன்று விதமான எழுத்து. முதலாவது பஞ்சலிங்கம். பெயர்களுக்கு நேரே சின்னச் சின்னக் கோடுகள். அடியில் அவற்றை ஐந்தைந்தாகக் கட்டியிருந்தது.

“உப்பிடி எண்ண எங்கை பழகினனீங்கள் அண்ணை?”

“உங்கடை தாளிலைதான். மற்றப் பக்கத்தைப் பாத்தன். நாலு நிக்குது, ஒண்டு படுக்குது. நல்ல லேசான கணக்கு. அதுக்குப் பிறகு அக்கரையிலை ஒராள் இறங்க ஒரு கோடு.”

“கொண்டு போங்கோ தங்கச்சி, உங்கடை தாள்தானே” என்றாள் செபஸ்தியம்மா. “பேருகளை மட்டும் வேறை தாளிலை எழுதித் தந்திட்டுப் போங்கோ.”

சிமியோன் வலையில் ஒரே இடத்தை இரண்டு தரம் பொத்தினார்.

பழைய கட்டில் எழுதாமல் மிஞ்சிய இரண்டு வெற்றுப் படிவங்களும் பென்சிலும் பையில் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பதினேழாவது பெயரில் கை நின்றது. அதற்கு நேரே கோடு இல்லை. அடியில் பார்த்தாள். நாலு ஐந்து, மேலே இரண்டு. இருபத்திரண்டுதான்.

“அது பண்டத்தரிப்புப் பொடியன்” என்றாள் செபஸ்தியம்மா. “அண்டைக்குக் கடலிலை நேவியின்ரை சூடு விழுந்தது. தாய் சின்னாச்சி மாசத்துக்கு ஒருக்கா வரும். ஒண்டும் கேக்காது. உந்தப் பேரைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருக்கும். தேத்தண்ணி குடிக்கும். போயிடும்.”

“எனக்கு எழுத்து வாசிப்புக் குறைவு” என்றார் சிமியோன். “அதாலை அவையவையைத்தான் எழுதச் சொல்லுறது. உவன் நல்ல வடிவா எழுதியிருக்கிறான், என்ன?”

நல்ல வடிவான எழுத்துத்தான். ‘ழ’வின் கால் நீளமாக இறங்கிச் சுழித்திருந்தது.

ஞானாம்பிகை எழுதியதை அழித்தாள். படிவத்தைத் திருப்பி, நாலு மணிக் கட்டத்திலிருந்து கோடுகளைப் பார்த்துப் போடத் தொடங்கினாள்.

“தங்கச்சி, மற்றப் பக்கமெல்லோ எழுதவேணும்?”

“அந்தப் பக்கத்தை என்னாலை எழுதேலாது அண்ணை. இந்தப் பக்கம் ஏலும்.”

ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதே அச்சுப் படிவம், அதே வகைப் பென்சில், அதே கை. ஐந்தே முக்காலுக்கு வந்தபோது கோடுகளை இடப்பக்கம் சாய்த்தாள். முடித்துவிட்டுப் பார்த்தாள். எது பழையது, எது புதியது என்று எந்தக் குழுவும் கண்டுபிடிக்காது. பிறகு தலைப்பில் ‘பிரதி’ என்று மூன்று மொழியிலும் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

“என்ன எழுதினனீங்கள்?” என்று கேட்டாள் செபஸ்தியம்மா. ஞானாம்பிகை சொன்னாள்.

“விசரே உங்களுக்கு! வேலை தரமாட்டாங்களெல்லே!”

“போய்க் கேட்டுப் பாக்கிறன் அக்கா.”

வெள்ளைத் தாளைத் தானே மடித்துத் தகரத்துக்குள் வைத்தாள். இவ்வளவு காலமும் அந்தத் தாள்களைத் தான்தான் பத்திரப்படுத்தியதாக எண்ணியிருந்தாள்.

மார்ச் கடைசிக் கிழமை கிளாலிக்கரைக்குப் போனாள். போரை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடந்த மாதங்கள். படகு பகலிலேயே ஓடியது. சிமியோனிடம் இப்போது புதுக் கொப்பி இருந்தது.

“எழுதுங்கோ தங்கச்சி. வடிவா எழுதுங்கோ.”

எழுதினாள். ஆறு நாள் தாள்களும் குறை விழுந்த வெள்ளிக்கிழமைக் கட்டும் பிரதியும் பொலித்தீனில் சுற்றி மடியில் இருந்தன. கடலேரி அசையாமல் கிடந்தது. பஸ் பிடித்து வவுனியா, அங்கிருந்து ரயிலில் கொழும்பு. முதலில் குசுமாவிடம் பிரதியைக் காட்ட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எதுவானாலும் அதன் பிறகு மூலைக்கடைக்குப் போய், அந்தச் சின்ன வடையில் இரண்டு வாங்கி, ஒரு பின்னேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். தாள் வேண்டாம், பென்சில் வேண்டாம்.

அக்கரையில் படகு தட்டியது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்க, சிமியோன் கொப்பியை முழங்காலில் வைத்துக் கோடு போட்டார். நாலு பேர் இறங்கினார்கள். ஞானாம்பிகை தண்ணீரில் காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பென்சில் நாலு கோட்டுக்கும் குறுக்கே இறங்கியது.

“சரி, போங்கோ தங்கச்சி” என்றார் சிமியோன்.