‘ம்’ சொன்னவர்

என் மூக்கின் மேல், இரண்டு கண்களின் மேல், மிச்சமிருக்கிற ஒன்பது பற்களின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் நான் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத இடம். மேலே நாலு மாடியிலும் ஆட்கள் படுத்து, வியர்த்து, சிலர் செத்தும் போன விரிப்புகள் ஒரு அகலக் குழாய் வழியாகச் சரிந்து வந்து விழும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து மறுபடி மேலே அனுப்ப வேண்டும். மேற்பார்வையாளரையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம்.

பழைய மேற்பார்வையாளர் கத்திக் கத்தியே தொண்டையைத் தொலைத்துவிட்டு ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவரோ வாயைத் திறப்பதே அபூர்வம். யார் எதைச் சொன்னாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சொல்கிறவர் முகத்தையே பார்த்து, “ம்” என்பார். மூன்றாம் நாளே அவருக்கு ‘ம்’காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

முதலில் இஸ்திரி அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். பதினான்கு வருட இடுப்பு வலி. கேள்விக்குறி மாதிரிதான் நிற்பாள். ஒரு நாள் சூடான விரிப்பைக் கையில் பிடித்தபடியே வலியின் கதையை அவரிடம் சொன்னாள். அரை மணி நேரம் அவர் “ம்” போட்டார். முடித்ததும் அக்கா நிமிர்ந்தாள். அவர் குனிந்தார். அப்புறம் அவர் நிமிரவே இல்லை.

அடுத்தது, உலர்த்தும் மெஷின் பார்க்கிற மச்சான். யாருக்கு மச்சான் என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் மச்சான்தான். பஞ்சுத்தூசி இருமல் அவனுக்கு. ஒரு மத்தியானம் உட்கார்ந்து சொன்னான். மறுநாளிலிருந்து மச்சான் சீட்டியடித்தான், ‘ம்’காரர் இருமினார். மடிக்கிற அம்மாவுக்கு, மகன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து தூக்கமே இல்லை. அவளும் சொன்னாள். பிறகு மடிக்கிற மேஜை மேலேயே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். விரிப்பு போர்த்தியிருந்ததால் மேலேயிருந்து வந்த ஆள் வேறு மாதிரி நினைத்து அவளைப் பிணவறை வரை தள்ளிக்கொண்டு போய்விட்டான். தூங்கி எழுந்து, நல்ல குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தாள்.

‘ம்’காரரின் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ஆனால் அழுக்கு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றால் மாதம் மூன்று கிலோ கூடியிருந்தார்.

வேலை மட்டும் பறந்தது. நாலு மணிக்கு முடிவது இரண்டு மணிக்கே முடிந்தது. மேலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். அவர் வெள்ளைப் பலகையில் பரிவு, பொறுமை, செவிசாய்த்தல் என்று எழுதி அடிக்கோடு போட்டார். தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்று கடைசி வரிசையைக் கை காட்டினார். அங்கே ‘ம்’காரர் கூன் போட்டு இருமிக்கொண்டிருந்தார். இந்த ரகசியத்தை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று மேலாளர் கேட்டதற்கு, “ம்” என்றார்.

அதற்கு மேலாளர் ஒரு பரிசு கொடுத்தார். எட்டுப் பேர் வேலை இவ்வளவு சீக்கிரம் முடிகிறதென்றால் ஏழு பேர் போதும் என்றுதானே அர்த்தம்? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் ‘ம்’காரர் பாய்லர் அறைக்கு வந்தார். அங்கே பேசினால் அடுத்த ஆள் காதில் விழாது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“எல்லாரும் என்கிட்ட வந்து கொட்டுறாங்கண்ணே. நான் எங்க போய்க் கொட்டுறது?”

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “ம்” என்றேன்.

“அக்கா பேரை எழுதினா அவ வீட்ல அடுப்பு எரியாது. மச்சானை வேற எவன் சேத்துக்குவான்? தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேரைக்கூட ஒரு நிமிஷம் நெனச்சேன்.”

“ம்.”

“என் பேரையே எழுதிக் குடுத்துடட்டுமா? ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. வேணாம்டான்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், விட்டுடுவேன். நீங்க சொல்லுங்கண்ணே.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ம்” என்றேன்.

அவர் எழுந்தார். கூன் இல்லை, இருமல் இல்லை. நல்ல உயரமான மனிதர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார்.

திங்கட்கிழமை அவர் நாற்காலி காலி. அக்கா பழையபடி கேள்விக்குறியாக வந்தாள். மச்சான் இருமிக்கொண்டே வந்தான். மடிக்கிற அம்மா ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்திருந்த கண்ணோடு வந்தாள்.

அவர் கொடுத்த காகிதத்தில் தன் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘என் இடத்தில் பாய்லர் அண்ணனை வையுங்கள். அவரைப் போலக் கேட்கத் தெரிந்தவர் இங்கே வேறு யாருமில்லை.’ வைத்தார்கள், பாய்லரையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லோரும் வந்து சொன்னார்கள். கையிலிருப்பதைக் கீழே வைத்தேன், முகத்தைப் பார்த்தேன், “ம்” என்றேன். யாருக்கும் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரு நாள் மச்சான் என் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பேசினான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் அவன் படுத்திருந்த விரிப்பு குழாய் வழியாக வந்தது.

சிறந்த தலைமைப் பண்புக்காக மேலாளர் கொடுத்த சான்றிதழ் இன்னும் என் அறைச் சுவரில் தொங்குகிறது. அன்று பாய்லர் அறையில் ‘ம்’காரர் என்னிடம் பேசியது என்னவென்று, பல வருடம் கழித்து அவர் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

‘ம்’காரர் அங்கே வேலைக்கு வருவதற்கு நாலு வருடம் முன்பே பாய்லர் சத்தத்தில் என் இரண்டு காதும் அடியோடு போய்விட்டிருந்தன, வேலை போய்விடுமே என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.