கணக்கில் சேராத மாலை

மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள் என்று ரேணுகாவுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நிபுணர்கள் கூட்டம். கரியமில வாயுவைக் குறைத்து, மின்கட்டமைப்பின் நெருக்கடிக்கு ஏற்பத் தம் மின்செலவையும் தாமே குறைத்துக்கொள்ளும் கட்டடங்களைப் பற்றி. அதற்கு முன்மாதிரி, படூரில் அவள் பதினொரு வருடமாக எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு.

அந்த ஏற்பாட்டின் மேல் அவளுக்கு வெறுப்பு இருந்ததில்லை. ஊரெல்லாம் ஏசி போடும் மாலையில் மின்கட்டமைப்பு திணறும்போது, கட்டடத்தின் கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்னல் வரும். அது சில இணைப்புகளை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கும். பகலில் சோலார் நிரப்பிய பேட்டரி மற்றதை ஓட்டும். முதல் தடவை மீட்டரில் எண் பாதியாக இறங்கியபோது கைதட்டியவளே அவள்தான்.

எதை நிறுத்துவது என்ற பட்டியலில்தான் கோளாறு. அதைப் போட்டவர் ஆலோசனை நிறுவனத்தின் நிபுணர் ஹரிஹரன். பிளாக்குக்கு ஒரு லிஃப்ட் நிற்கும் என்று எழுதியிருந்தார். ஏ, பி பிளாக்குகளில் பெரிய வீடுகள், இரண்டிரண்டு லிஃப்ட். சி பிளாக்கில் தொண்ணூறு சின்ன வீடுகள். இருப்பதே ஒரு லிஃப்ட். ரேணுகா மூன்று முறை சொன்னாள், ஒரு முறை எழுதியும் கொடுத்தாள். "அடுத்த கட்டத்தில் பரிசீலிப்போம்" என்று பதில் வந்தது.

மே மாதம் ஒரு புதன்கிழமை, ஆறே கால் மணிக்கு சிக்னல் வந்தது. ஆறரைக்கு செங்கல்பட்டில் டயாலிசிஸ் முடித்துக்கொண்டு அப்பாசாமி வந்து இறங்கினார். பழைய லாரி டிரைவர். சி பிளாக் ஏழாவது மாடியில் மகள் சரோஜாவோடு இருப்பவர். லிஃப்ட் நின்றிருந்தது. கீழே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று மகள் சொன்னதை அவர் கேட்கவில்லை. படுத்தால் போதும் என்று ஏறத் தொடங்கினார். நான்காவது மாடிப் படியில் கால் மடங்கிச் சரிந்தார்.

சரோஜா போனில் கத்தினாள். "அக்கா, நைனா எழுந்துக்க மாட்டேங்குறாரு. ஊசி குத்துன கைல கட்டெல்லாம் ரத்தமா கீது. சீக்கிரம் லிஃப்ட்ட போடுக்கா!"

லிஃப்டைக் கையால் இயக்கும் ஸ்விட்ச் ஒரு பெட்டிக்குள் பூட்டியிருந்தது. சாவி ஆலோசனை நிறுவனத்திடம். ரேணுகா ஹரிஹரனுக்கே போன் போட்டாள்.

"நடுவுல கை வச்சா இன்னைக்கு டேட்டா பூரா வீணாயிடும்மா. எட்டே காலுக்குத் தானா வந்துடும். அதுவரைக்கும் அவரை அங்கயே உட்கார வையுங்க."

"சார், மனுசன் படிக்கட்டுல ரத்தம் வுட்டுகினு கெடக்குறாரு!"

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. லிஃப்ட்டைத் தொடாதீங்க."

ரேணுகா போனை வைத்துவிட்டு, சுத்தியலால் நாலே அடியில் பூட்டை உடைத்தாள். லிஃப்ட் வந்தது. அப்பாசாமியை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துக் கீழே இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ரத்தம் நின்றது, இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. பூட்டை உடைத்ததற்கு ரேணுகாவுக்குக் கட்டட நிர்வாகத்திலிருந்து மெமோ வந்தது.

மெமோ கொடுத்தவர்களே, முன்மாதிரிக் கட்டடத்தின் ஊழியர் என்று இப்போது பொன்னாடையும் போர்த்தப் போகிறார்கள். குளிரூட்டிய அரங்கில் மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹரிஹரன் திரையில் படம் காட்டிப் பேசினார்.

"கோடையில் நாற்பது முறை சிக்னல் வந்தது. முப்பத்தொன்பது முறை முழு வெற்றி. குடியிருப்போரிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை. ஒரு நாள் மட்டும் ஊழியர் குறுக்கீட்டால் கணக்கில் சேர்க்கப்படவில்லை."

ஊழியர் குறுக்கீடு. ரேணுகாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. தான் எழுந்து நின்றுவிட்டதைப் பிறகுதான் உணர்ந்தாள்.

"அந்த ஊழியர் நான்தான் சார்."

அரங்கமே திரும்பியது. ஹரிஹரன் சிரித்தார். "கேள்வி நேரம் அப்புறம் இருக்கும்மா."

"கேள்வி இல்ல சார். நீங்க எடுத்துப் போட்ட நாள சொல்றேன். அன்னிக்கு ஒரு மனுசன் நாலாவது மாடில வுழுந்து இடுப்ப ஒடிச்சிகினாரு. அவரு மவ புகார் ரிஜிஸ்டர்ல எழுதிச்சி. உங்க போன் ஆப்ல எழுதுனாத்தான் புகாரா? கரண்ட் மிச்சம் பண்றது தப்புன்னு நான் சொல்லல. அதே நேரத்துல கிளப் ஹவுஸ் ஏசி ஓடிச்சி, நீரூத்து ஓடிச்சி. அதெல்லாம் ஏன் சார் பட்டியல்ல இல்ல? யாரக் கேட்டு யார் வூட்டு லிஃப்ட்ட நிறுத்துனீங்க?"

யாரோ மைக்கை அணைத்தார்கள். அவளிடம் மைக்கே இல்லை. அவள் குரல் நிற்கவில்லை.

முன்வரிசையிலிருந்து பிரதீபா என்ற மின்கட்டமைப்புப் பொறியாளர் எழுந்தார். "அந்த லிஃப்ட் எவ்வளவு மின்சாரம் எடுக்கும், ஹரிஹரன்?"

அவர் காகிதங்களைப் புரட்டினார். பதில் சொன்னது ரேணுகா. "நீரூத்து மோட்டர்ல பாதி கூட இல்ல மேடம்."

"அப்படியானால் எங்களுக்கு இது தேவையே இல்லையே" என்றார் பிரதீபா. அந்த ஒரு வார்த்தை ரேணுகாவை ஆற்றவில்லை, இன்னும் எரித்தது. யாருக்கும் தேவைப்படாத ஒன்றுக்காகவா அந்த மனிதர் விழுந்தார்? பொன்னாடையோடு நின்றவரைத் தாண்டி வெளியே வந்து, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாள்.

மறுவாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சி பிளாக்காரர்கள் திரண்டு வந்து சண்டை போட்டார்கள். அவர்கள் லிஃப்ட் பட்டியலிலிருந்து நீங்கியது. கிளப் ஹவுஸும் நீரூற்றும் ஏறின. அடுத்த நாளே நிர்வாகம் ரேணுகாவை மதுராந்தகத்தில் ஒரு கிடங்குக்கு மாற்றியது.

அங்கே வேலையில் இருந்தபோது ஹரிஹரன் போன் செய்தார். இறுதி அறிக்கையில் அவள் கருத்தைச் சேர்க்கச் சொல்லிப் பிரதீபா கேட்டிருக்கிறாராம்.

"களப்பணியாளர் ஆலோசனை பயனுள்ளதாக இருந்ததுன்னு ஒரு வரி போட்டுடலாமா?"

"வாணாம் சார். நான் சொல்றத எழுதுங்க. பேனா கீதா?"

"இருக்கு."

"மே மாசம், புதன்கிழம, ஆறரை மணி. அப்பாசாமி, வயசு அறுபத்தாறு. லிஃப்ட்ட நிறுத்துனதால படியில வுழுந்து இடுப்பு ஒடஞ்சிது. இனிமே நடக்க மாட்டாரு. மூணு தபா முன்னாடியே சொல்லியும் கேக்கல. எழுதிட்டீங்களா?"

"படிச்சிக் காட்டுங்க சார்."

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் படிக்கத் தொடங்கினார். 'கேக்கல' என்ற இடத்தில் நிறுத்தினார். "யார் கேக்கலைன்னு போடணும்?"

"உங்க பேர போடுங்க" என்றாள் ரேணுகா.