உரிக்காத பிளாஸ்டிக்

தங்கசாமிக்குப் புதுப் பொருள் என்றால் அது புதுசாகவே இருக்க வேண்டும். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் மனுஷர். எடுத்து நாலு வருஷமான லாரியின் சீட்டில் இன்னும் கம்பெனி பிளாஸ்டிக்தான். கூடத்து ஃபிரிட்ஜுக்கும் அதே மரியாதை. உரித்தால் கீறல் விழுமாம். உட்காருகிற டிரைவரின் முதுகு வெந்தால் அவருக்கென்ன!

அன்று காலையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் சத்யபிரியாவுக்குப் பெங்களூர் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ, வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக. புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும், போனில் ஆகாது. பெண்பிள்ளை அவ்வளவு தூரம் எதற்கு என்று மாசக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்தவர், அவள் சோற்றைத் தள்ளி வைத்த பிறகுதான் இறங்கி வந்தார். சூடேறிச் சூடேறி அணைந்துவிடும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குச் சேலத்திலிருந்து, சூட்டை இழுத்து வெளியே தள்ளும் ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்த புது செட் வாங்கி வந்து, முந்தின நாள் தன் கையாலேயே மாட்டவும் செய்தார்.

"இஞ்சினையே பிரிச்சுக் கோத்தவனுக்கு இதென்னுங் கண்ணு பிரமாதம்?"

மூடிய கதவுக்கு வெளியே அவர் நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். குடித்து முடித்த காப்பி டம்ளரை இன்னொரு தரம் வாயில் கவிழ்த்தார். உள்ளே மகளின் பேச்சு பட்டென்று நின்றது. கதவு திறந்தது.

"பழையபடி ஆஃப் ஆயிருச்சுங்கப்பா. புது ஃபேன் நல்லாத்தான் சுத்துது, அப்புறம் எப்படிச் சூடாவும்?" அவள் கண் கலங்கியிருந்தது. "நான் போகக்கூடாதுன்னு வேணும்னே எதையோ பண்ணி வெச்சீங்களா?"

"அய்யோ, இல்லீங் கண்ணு..."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. அத்தனை மாசம் முறுக்கிய வாய் இப்போது சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்?

அவள் போனில் கெஞ்சிக் கொஞ்சம் அவகாசம் வாங்குவதற்குள் அவர் திருகாணிகளைக் கழற்றிவிட்டார். ஹீட் சிங்க்கைத் தூக்கித் திருப்பியதும் விஷயம் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் சூடாகிற புராசசர் மேல் படிய வேண்டிய அடிப்பாகத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். அது நடுவில் இருந்தால் சூடு எப்படி ஏறி வெளியே போகும்?

"மாட்டறப்ப இதப் பாக்கலீங்களா?"

"பாத்தேன் சாமி. புதுசாச்சே, கீறல் உழுந்துருமேன்னு உரிக்காம உட்டுட்டேன்."

சத்யபிரியா அவரைப் பார்த்தாள். கூடத்து ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தாளைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள். துடைத்து, செட்டோடு வந்த டியூபில் மிச்சமிருந்த, சூடு கடத்தும் பசையைத் தடவி மறுபடி மாட்டினார்கள். இந்த முறை கம்ப்யூட்டர் அணையவில்லை.

அவசரத்தில் கதவைச் சாத்த மறந்திருந்தாள். இன்டர்வியூவின் கடைசிக் கேள்வி தமிழிலேயே வந்தது.

"பெங்களூர் வந்து தங்கணும்மா. வீட்ல விடுவாங்களா?"

சத்யபிரியா வாயே திறக்கவில்லை. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. தங்கசாமியால் அதைத் தாங்க முடியவில்லை. அனுப்ப மனசு அப்போதும் ஒப்பவில்லைதான். உதறியும் போகாமல் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த தாளோடு கதவுக்குள் தலையை நீட்டினார்.

"உடுவோமுங்க," என்றார். "நானே கொண்டாந்து உட்டுட்டு வாரேனுங்க."