அசையாத புள்ளிகள்

சனிக்கிழமை பகலில் தங்கதுரை கொடுத்துவிட்டுப் போயிருந்த ஓட்டக் காலணிகளை மேசை மீது வைத்து, அளவுகோலால் அளந்து முடித்த சீதாலக்ஷ்மி, மீண்டும் முதலிலிருந்து அளந்தார். ஒவ்வொரு லேஸின் மீதும் அவர் இட்டிருந்த பத்துப் புள்ளிகளில் ஒன்றுகூட ஒரு மில்லிமீட்டரும் நகர்ந்திருக்கவில்லை.

நகராமல் இருப்பது நல்லதுதானே என்று வெளியார் கருதக்கூடும். காலணித் தொழிலில் உள்ளவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் சாலையில், முன்பு சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கு ஒன்றின் மாடியில் இயங்கிவந்த அந்தச் சிறிய நிறுவனத்தில், காலணிக்கு லேஸ் கட்டும் அமைப்பை வடிவமைக்கும் பொறுப்பு சீதாலக்ஷ்மிக்கு அளிக்கப்பட்டிருந்தது. வழக்கமான துளைகளுக்குப் பதிலாக இருபுறமும் ஐந்தைந்து நைலான் வளையங்களைத் தைத்து, அவற்றின் வழியே வழுக்கும் தன்மையுள்ள மெல்லிய உருண்டை லேஸைச் செலுத்தி, மேலே ஒரே முறை இழுத்தால் விரல்பக்கம் தொடங்கிக் கணுக்கால் வரை ஒரே சீராக இறுகும்படி அவர் அமைத்திருந்தார். அது எட்டு மாத உழைப்பு. திங்கட்கிழமை ஒப்புதல் கிடைத்துவிட்டால் இடக்கொச்சியிலுள்ள தையல் கூடத்துக்கு மாதிரி போய்விடும். சீதாலக்ஷ்மியின் வடிவமாக வெளிவரும் முதல் காலணியும் அதுவாகவே இருக்கும்.

அதற்கு முன் மூன்று பேர் அதை அணிந்து வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடிப் பார்த்துவந்தனர். மஞ்சுஷா, அருண்பாண்டி ஆகிய இருவரும் கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்தவர்கள். மூன்றாமவரான தங்கதுரை நாற்பத்து நான்கு வயதானவர். மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் பணிபுரிபவர். லேஸை வளையங்களிலிருந்து உருவக் கூடாது, தளர்த்திக் கழற்றி இறுக்கி அணியவேண்டும் என்பது மூவருக்கும் சொல்லப்பட்ட விதி. ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் லேஸின் மீது ஒரு மைப்புள்ளி இடப்பட்டிருக்கும். நாற்பது கிலோமீட்டர் ஓடினால் அப்புள்ளிகள் மூன்று நான்கு மில்லிமீட்டராவது இடம்பெயர்ந்தே தீரும். மற்ற இருவரின் ஜோடிகளில் அவ்வாறே பெயர்ந்திருந்தன. தங்கதுரையின் ஜோடியில் மட்டும், அடிப்பாகம் நன்றாகவே தேய்ந்திருந்தும், மூன்று வாரங்களாகப் புள்ளிகள் இட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. மூன்றாம் வளையத்தை அடுத்து லேஸ் சற்று நசுங்கியும் இருந்தது.

யாரோ அமைப்பை நகலெடுப்பதற்காக லேஸை உருவி எடுத்து, வேலை முடிந்ததும் புள்ளி பிசகாமல் மீண்டும் கோத்திருக்கிறார்கள். இதற்கு மேல் சீதாலக்ஷ்மி யோசிக்கவேண்டியிருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்புவரை எதிர் மேசையில் அமர்ந்திருந்த பினு இப்போது இடப்பள்ளியில் வேறொரு காலணி நிறுவனத்தில் இருந்தார். அமைப்பு முழுமை பெறுவதற்கு முன்பே விலகிப்போனவர் அவர்.

மனம் ஒரு நிலையில் நிற்காததால் சீதாலக்ஷ்மி கீழே இறங்கி, முகமது இஸ்மாயிலின் சாயாக்கடையில் போய் அமர்ந்தார்.

"என்ன மோளே, சாயா ஆறுது. கண்ணு எங்கயோ போய் நிக்குது" என்றார் இஸ்மாயில்.

"ஒண்ணுமில்ல இக்கா. தங்கதுரை அண்ணன் இங்க வர்றது உண்டா?"

"வியாழாழ்ச்ச வந்தான். கூட உங்க பழைய பினுவும் உண்டு. ரெண்டு சாயா, ரெண்டு பழம்பொரி. பைசா பினு கொடுத்தான், அதுகொண்டு எனக்கு நல்ல ஓர்மை, மறக்கவே இல்ல. இங்க வேலை பார்த்த காலத்துல அவன் பர்ஸோட நிறம்கூட நான் பார்த்தது இல்ல."

சீதாலக்ஷ்மி கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கதுரை அண்ணன் கையில ஏதாச்சும் இருந்ததா இக்கா?"

"ஒரு கவரு. உள்ள ஷூ. அதைக் கொண்டுவந்து மேசை மேல வெச்சான். திங்கிற இடத்துலயா வெக்கிறது, எடுடான்னு நான் சத்தம் போட்டேன்."

மீதிச் சாயாவை அவர் குடிக்கவில்லை. மாடிக்குத் திரும்பி, நிறுவனத்தை நடத்திவந்த பிரதீஷிடம் நடந்தது அனைத்தையும், யார் மீதும் பழி சுமத்தாத சொற்களாகத் தேடித் தேடி எடுத்துரைத்தார். பிரதீஷ் அச்சொற்களையெல்லாம் ஒரு கையால் ஒதுக்கிவிட்டார்.

"சுத்தி வளைக்காதே சீதா. அந்த ஆளு பினுவுக்குக் காட்டியிருக்கான். அவ்வளவுதானே?"

"உறுதியாச் சொல்ல முடியல சேட்டா. அவரையே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா?"

"கேட்டா? ஆமா மேடம், நான்தான் காட்டினேன், சாயாவும் குடிச்சேன்னு சொல்லுவானா? கேக்கவே வேண்டாம். எப்பவும்போல ஷூவைக் கொடுத்து விடு. சந்தேகம் வரக் கூடாது. திங்கக்கிழமை திரும்ப வாங்கிக்கலாம். அவன் ரிப்போர்ட்டை நாம கணக்குல எடுக்க வேண்டாம். மத்த ரெண்டு பேரும் ஒரு குறையும் சொல்லலியே, அது போதும். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அதைக் கேட்டதும் சீதாலக்ஷ்மிக்குள் ஓர் ஆறுதல் பரவியது. அந்த ஆறுதல் அவருக்கே பிடிக்கவில்லை.

மாலையில் தங்கதுரை வந்தார். சீதாலக்ஷ்மி வழக்கம்போல எழுந்து நின்று, "இந்த வாரமும் சுகமா இருந்ததா அண்ணே?" என்று கேட்டார்.

"சுகம் மேடம்" என்றார் தங்கதுரை, தரையைப் பார்த்தபடி. மூன்று வாரங்களாக அதே சொல், அதே தரை. இரு கைகளாலும் காலணிகளை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது, சட்டைப் பையிலிருந்த கைபேசி ஒலித்தது. அதை எடுத்துப் பேசாமல் விரைந்து நடந்தார். அதுவும் சீதாலக்ஷ்மியின் கண்ணிலிருந்து தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வேளையில், துப்பட்டாவால் தலையைச் சுற்றிக்கொண்டு, தங்கதுரை குடியிருந்த தெருமுனையில் சீதாலக்ஷ்மி ஸ்கூட்டருடன் காத்திருந்தார். தம் வாழ்நாளில் எவரையும் அவர் பின்தொடர்ந்ததில்லை. தங்கதுரை ரப்பர் செருப்பு அணிந்து, கவரைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். ஓடப்போகிறவர் எதற்காகக் காலணியைக் கவரில் கொண்டுபோகிறார்? போர்ட் கொச்சி வரை அவர் நடந்தே சென்றார். கடற்கரை நடைபாதையில், மீன் கூடையுடன் ஒருவர் அமர்ந்திருந்த சிமெண்ட் பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். சீதாலக்ஷ்மி மூடிக்கிடந்த ஐஸ்கிரீம் வண்டி ஒன்றின் பின்னால் ஒதுங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார்.

கவரிலிருந்து காலணிகள் வெளியே வந்தன. மீன் கூடைக்காரர் அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் எழுந்து போனார். தங்கதுரை காலணிகளை அணிந்துகொண்டு, மேலிரண்டு வளையங்களிலிருந்து லேஸை உருவினார். மூன்றாம் வளையத்துக்கு மேலே அழுத்தி ஒரு முடிச்சுப் போட்டார். மீதியைத் தளர்வாகக் கோத்தார். பிறகு எழுந்து ஓடத் தொடங்கினார்.

ஒரு மணி நேரம் கழித்து, வியர்வை சொட்ட அதே பெஞ்சுக்குத் திரும்பி, காலணிகளைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, ஊசியில் நூல் கோப்பவரைப்போல முகத்தருகே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியையும் வளையத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தலானார்.

"அண்ணே" என்றார் சீதாலக்ஷ்மி.

தங்கதுரை துள்ளி எழுந்தார். "மேடமா? நீங்க... ஓட வந்தீங்களா?"

"எதுக்கு முடிச்சுப் போட்டீங்க?"

"தப்புதான் மேடம். உருவக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க."

"பினு சொல்லிக் கொடுத்தாரா?"

"பினுவா? அவன் எங்க தெருப் பையன். சாயா வாங்கித் தந்துட்டு, கவரைத் திறந்து காட்டுன்னு ஒரே நச்சரிப்பு. கம்பெனி சாமான், காட்ட மாட்டேன்னுட்டேன். அந்நேரம் இஸ்மாயில் இக்கா மேசையில வெக்காதேன்னு கத்தினாரு. நல்லதாப் போச்சுன்னு மடியில வெச்சு அமுக்கிக்கிட்டேன்."

"பின்ன இந்த முடிச்சு?"

தங்கதுரை தயங்கினார். பிறகு வலக்காலைச் சற்று முன்னே நகர்த்தினார். மேடான புறங்காலின் குறுக்கே கருஞ்சிவப்பாக ஒரு தடம் ஓடியது. நடுவில் தோல் காய்ந்து உரிந்திருந்தது. "முதல் நாள் வந்தது மேடம். லூசாக்கினா விரலு முன்னால போய் இடிக்குது. இறுக்கினா இங்க அறுக்குது. நடுவுல ஒரு முடிச்சுப் போட்டா கீழ உள்ள இறுக்கம் கீழயே நிக்கும். மேல லூசா விட்டுக்கலாம்."

"ஒரு குறையும் இல்லைன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"நீங்க எழுந்து நின்னு, சுகமா இருந்ததா அண்ணேன்னு கேக்குறீங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு இல்லேன்னு எப்படிச் சொல்ல? அதுவும் போக, குறை சொல்ற ஆளு கையில ஷூவை யாரு விட்டு வெப்பா? எனக்கு ஓடணும் மேடம்."

"புள்ளியை எதுக்குத் திரும்ப வெச்சீங்க?"

"வாங்கின சாமானை வாங்கின மாதிரி கொடுக்கணும் இல்லையா? பாத்திரம்னா கழுவிக் கொடுக்கலாம். இதுல புள்ளியில்ல வெச்சிருக்கீங்க."

சீதாலக்ஷ்மி அதை முழுவதும் நம்பிவிடவில்லை. அகப்பட்டுக்கொண்டவர் எவரும் ஒரு கதையை ஆயத்தமாக வைத்திருக்கக்கூடும். பழைய செருப்பு அறுத்த தடமாகவும் அது இருக்கலாம். அவர் திரும்பும் வழியில் மீன் விற்பவர் ஒருவரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கிக்கொண்டு அலுவலகத்தைத் திறந்தார். தம் அளவுக்கான மாதிரியை அணிந்து, மேல் வளையத்தருகே லேஸில் கொக்கியை மாட்டி, முன்பாதத்தில் எடையை ஊன்றினார். பாதம் விரிந்தது, தராசின் முள் துள்ளியது. மீண்டும் ஊன்றினார், மீண்டும் துள்ளியது. லேஸ் எங்கும் தங்குதடையின்றி வழுக்கியோடியதால், கீழே பாதம் விரியும்போதெல்லாம் அந்த இழுப்பு முழுவதும் மேலே ஓடிவந்து புறங்காலை அழுத்தியது. தங்கதுரை போட்ட இடத்திலேயே ஒரு முடிச்சுப் போட்டு ஊன்றிப் பார்த்தார். முள் ஏறக்குறைய அசையவே இல்லை.

ஒரே சீரான இறுக்கம் என்று எட்டு மாதமாக அவர் பெருமையுடன் சொல்லிவந்ததே குறையாக இருந்தது. மஞ்சுஷாவும் அருண்பாண்டியும் ஒல்லிக் கால்களை உடையவர்கள், அவர்களுக்கு உறைத்திருக்காது. புறங்கால் மேடான யார் வாங்கினாலும் உறைக்கும்.

அன்று பகல் முழுவதும் அவர் அந்த மேசையைவிட்டு எழவில்லை. தங்கதுரையின் அறிக்கை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. சும்மா இருந்தாலே போதும். மறுநாள் கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் சும்மா இருந்தால், அந்த மனிதர் திருடர் என்பதும் அப்படியே நின்றுவிடும்.

திங்கட்கிழமை காலையில், தராசைக் காட்டி அனைத்தையும் விளக்கியபின், "மன்னிக்கணும் சேட்டா, இப்ப கையெழுத்துப் போட வேண்டாம். ரெண்டு மாசம் அவகாசம் வேணும்" என்றார் சீதாலக்ஷ்மி.

பிரதீஷ் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். "பினு உன்னை போன்ல விளிச்சானா?"

"இல்ல சேட்டா."

"சனிக்கிழமை கள்ளன்னு நீ சொன்ன ஆளுக்கு இன்னைக்கு நீயே வக்காலத்து. எட்டு மாசம் கழிச்சு, கையெழுத்துப் போடுற அன்னைக்கு வேண்டாம்ங்கிற. ரெண்டு மாசத்துல இடப்பள்ளியில இதே சாதனம் இறங்கினா நான் யாரைக் கேக்கட்டும்?"

"நான் கள்ளன்னு சொல்லல..." என்று தொடங்கிய சீதாலக்ஷ்மி நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லை மட்டும்தான் அவர் சொல்லியிருக்கவில்லை. "நீங்களே தராசைப் பிடிச்சுப் பாருங்க சேட்டா."

"தராசைக் கொண்டுவந்தது நீதானே?"

சீதாலக்ஷ்மி தராசை மேசை மீது வைத்தார்; காட்டுவதற்கு அவரிடம் வேறு சான்று இல்லை. முந்தைய நாள், பெஞ்சருகே ஒற்றைக் காலை முன்னே நகர்த்தி நின்ற தங்கதுரையிடமும் இதைவிட அதிகமாக எதுவும் இருந்திருக்கவில்லை.

"ரெண்டு மாசம் எடுத்துக்கோ" என்றார் பிரதீஷ் இறுதியில். "வரைபடம் எல்லாம் என் அலமாரியில இருக்கட்டும். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த ஆளை இங்க வரச் சொல்லு. என் முன்னாலயே செய்."

சீதாலக்ஷ்மி மடிக்கணினியையும் வரைபட உறைகளையும் தாமே எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தார்.

மாலையில், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் தங்கதுரை வந்து வாசலில் நின்றார். "ஷூவைத் திருப்பித் தரணுமா மேடம்?"

"வேண்டாம். உள்ள வாங்க அண்ணே. உக்காருங்க."

பிரதீஷ் கைகளைக் கட்டிக்கொண்டு சன்னலோரம் நின்றார். சீதாலக்ஷ்மி தரையில் அமர்ந்து, தங்கதுரை எவ்வளவோ மறுத்தும் கேளாமல், அவருடைய வலக்காலைத் தம் முன்னே ஒரு மரக்கட்டையின் மீது வைத்துக்கொண்டார்.

"எங்க வலிக்குது?"

தங்கதுரை பிரதீஷைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு விரலை வைத்தார். "இங்க."

"இங்கயா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் மேல. இன்னும்... அங்கதான். அமுக்காதீங்க மேடம், உயிர் போகுது."

சீதாலக்ஷ்மி காலணியை எடுத்து, அந்த இடத்துக்கு நேரே வந்த நான்காம் வளையத்தின் தையலை பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுக்கத் தொடங்கினார். பிரதீஷ் இரண்டடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். கட்டிய கைகளை மட்டும் அவர் பிரிக்கவில்லை.