பழுப்படித்த பெட்டிகள்

ஒஹையோவில் மேப்பிள் ரன் குடியிருப்பின் பொது அறையில் சனிக்கிழமை காலை இருந்தவர்கள் நான்கு பேர். நீள மேசையின் தலைப்பக்கம் குடியிருப்போர் சங்கத் தலைவர் வெண்டல் கிரைம்ஸ். அவருக்கு இடப்புறம் குறிப்பேட்டோடு செயலாளர் மாவிஸ். கதவை ஒட்டிய மடக்கு நாற்காலிகளில் டார்லா ஹவ்ஸரும் அவள் கணவன் ஓரினும். ஓரின் வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தான்.

டார்லாவின் புது வீட்டு வெளிச்சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில், ஆபத்து நேரத்தில் வீட்டு மின்சாரம் முழுவதையும் அணைக்கும் பெட்டி இருக்கிறது. அதன்மேல் சிவப்புப் பட்டை, வெள்ளை எழுத்து. சட்டம் கேட்பது அது. சுவரின் பழுப்பு நிறத்தோடு ஒட்டாத எதுவும் கூடாது என்பது சங்கத்தின் விதி. வரும் வெள்ளிக்குள் பட்டையோடு சேர்த்துப் பழுப்பு அடிக்காவிட்டால் தாங்களே ஆளனுப்பி அடித்துவிடுவோம் என்று கடிதம் போட்டிருந்தார்கள்.

"கண்ணை உறுத்துது டார்லா, அவ்வளவுதான். பெட்டி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் வெண்டல்.

"உறுத்தணும்னுதான் சிவப்பு! புகையில வர்றவனுக்குத் தெரிய வேணாமா?"

"இப்பவே வீட்டுக்குத் தீ வெச்சுட்டீங்களே" என்று மாவிஸ் சிரித்தாள்.

ஓரின் கையை எடுத்து மேசைமேல் வைத்தான். இரண்டு விரல்கள் இல்லை. ஊர்த் தீயணைப்புப் படையில் அவன் தொண்டன். இரண்டு வருஷத்துக்கு முன் எரிந்த ஒரு பழைய வீட்டில் மின்சாரத்தை அணைக்கும் சுவிட்ச் நிலவறைக்குள் இருந்தது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி அதைத் தேடியபோது மின்சாரம் இவனைக் கண்டுபிடித்துவிட்டது.

"இதுவும் உறுத்துதா மாவிஸ்? பழுப்படிச்சிடலாமா?"

டார்லா எழுந்தாள்.

"உங்க வீட்டுப் பெட்டிய அணைச்சுக் காட்டுங்க வெண்டல். நான் மணி பாக்கறேன்."

"இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு? எதிர்த்தாப்லதானே இருக்கு, வாங்க."

வெண்டல் தன் வீட்டை இரண்டு முறை சுற்றினார். பூச்செடிக்குப் பின்னால், சுவரோடு சுவராக, பட்டையும் எழுத்தும் பழுப்பில் மூழ்கி இருந்தது பெட்டி. மூடி வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. கார்ச் சாவியால் நெம்பினார், சாவி வளைந்தது.

"ஆறு நிமிஷம்," என்றாள் டார்லா. "பட்டப்பகல். புகை இல்ல. உங்க சொந்த வீடு."

வெண்டல் நகத்தில் ஒட்டிய பழுப்புச் செதிலைத் தட்டிவிட்டார். "தீர்மானம்னா தீர்மானம்தாம்மா. வெள்ளிக்கிழமை ஆள் வருவான்."

டார்லா கத்தியிருப்பாள், ஓரின் வேண்டாமென்று தலையசைத்தான். தெரு முழுக்க நடந்து சுவர் சுவராகப் பார்த்தாள். பதினான்கு வீடு, பதினொன்றில் பெட்டிமேல் பழுப்பு. வீட்டுக்கு வந்து மாவட்டக் கட்டட ஆய்வாளருக்கு எழுத உட்கார்ந்தாள். கதவிலக்கங்களை வரிசையாகப் போட்டாள். ஆறு நிமிஷத்தை எழுதினாள். கடைசியில் எழுதினாள்: "வெள்ளிக்கு முன் வாருங்கள். என் கணவருக்கு மிச்சம் எட்டு விரல்கள். இந்தத் தெருவில் தீப்பிடித்தால் வரப்போகிறவர் அவர்தான்."

சங்கத்தின் கடிதத்தையும் உள்ளே வைத்து, உறையை மூடி, தபால்தலை ஒட்டினாள். வாசல் தபால் பெட்டியில் போட்டு, தபால்காரர் வந்து எடுத்துப்போக அடையாளமாக அதன் சிறு கொடியைத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கொடியும் சிவப்புதான். அதற்கு மட்டும் சங்கத்தில் யாரும் தீர்மானம் போட்டதில்லை.